வட்டுக்கோட்டையில் இலக்கியமும் விஞ்ஞானமும்

1823ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனைச் சேர்ந்த பாதிரிமார் ஒரு சிறு பிரசுரத்தை வெளியிட்டனர். தமிழ் இளைஞருக்கும் ஏனைய இளைஞருக்கும் இலக்கியக் கல்வியும் விஞ்ஞானக் கல்வியும் புகட்டுதற்கு ஒரு கல்லூரியை நிறுவும் திட்டமே அதன் பொருள். இலக்கியம், விஞ்ஞானம் என்னும் இரண்டு சொற்களும் அந்த ஆங்கிலப் பிரசுரத்தின் தலைப்பிலேயே அருகருகே நின்றன. இந்தியாவிலே ஆங்கிலக் கல்வியைப் புகுத்துவது பற்றி மெக்காலே பிரபு தமது பெயர்பெற்ற குறிப்பை எழுதியது 1835இல். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, பனந்தோப்புக்களும் வயல்களும் சூழ்ந்த ஒரு யாழ்ப்பாணக் கிராமத்திலே, தமிழ்ச் செய்யுளையும் வான சாத்திரத்தையும் ஒரே மாணவனுக்கு ஒரே வகுப்பறையிற் கற்பிக்கலாம் என்ற எண்ணம் எழுந்துவிட்டது.

அக்கிராமம் வட்டுக்கோட்டை. பறங்கியர் காலத்துப் பழைய கோயிற் கட்டடமும் அதனைச் சார்ந்த வளவும் 1816இலே யாழ்ப்பாணம் வந்த அமெரிக்கப் பாதிரிமாரின் கைக்கு வந்திருந்தன. அங்கே கல்விச்சாலையைத் தொடக்கி அதன் முதல் அதிபராய் விளங்கியவர் தானியல் பூவர் ஐயர். மாசசூசெற்ஸ் மாகாணத்திலே 1789இற் பிறந்தவர். கல்லூரி என்ற பெயருக்கு வேண்டிய அரசாங்கச் சாசனம் கிடைக்கவில்லை. அமெரிக்கர் இலங்கையிலே கல்லூரி நடத்துவதை அன்றைய ஆங்கில ஆட்சி விரும்பவில்லை. ஆகவே அது செமினறி என்ற எளிய பெயரோடேயே வாழ்ந்தது. பிரதம நீதியரசராயிருந்த சேர் றிச்சாட் ஒற்லி அதற்கு உதவி செய்தார். அவர் பெயரால் எழுந்த ஒற்லி மண்டபம் வட்டுக்கோட்டையார் நன்கு அறிந்ததே.

பாதிரிமார் வருமுன் யாழ்ப்பாணத்தில் இலக்கியம் மாத்திரமே இருந்தது, விஞ்ஞானத்தைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர்கள் அவர்களே என்று எண்ணுவோர் உளர். அது பிழையான எண்ணம். திண்ணைப் பள்ளிக்கூடத்திலே மணலில் எழுத்தெழுதிய சிறுவன் எண்சுவடியையும் நிகண்டையும் சேர்த்தே மனனஞ் செய்தான். சூடாமணி நிகண்டிலே தேவர் பெயரும் உண்டு, மரத்தின் பெயரும் விலங்கின் பெயரும் உண்டு. காரிநாயனாரின் கணக்கதிகாரம் நிலம் அளப்பதையும் பொன் நிறுப்பதையும் செய்யுளிலே சொல்லிற்று. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்திலே எழுந்த செகராசசேகரம் வைத்திய நூல், செகராசசேகரமாலை சோதிட நூல், இரண்டும் செய்யுள். நோயின் குறியைக் கூறவும் கிரகத்தின் கதியைக் கூறவும் புலவன் வேண்டியிருந்த காலம் அது. அறிவு நினைவிலே நிற்கவேண்டும். நினைவிலே நிற்பதற்கு ஓசை வேண்டும். இக்காரணத்தினாலேயே பழைய கல்வியில் இலக்கியத்துக்கும் சாத்திரத்துக்கும் இடையே வேலி இருக்கவில்லை.

இதற்குச் சிறந்த சான்று பஞ்சாங்க கணிதம். சந்திரன் வானத்தில் ஒரே வேகத்தோடு செல்வதில்லை. சில நாள் விரைந்தும் சில நாள் மெதுவாகவும் செல்லும். இவ்வேறுபாடு ஒன்பது முறை சுழன்று முடிவதற்கு ஏறக்குறைய 248 நாட்கள் செல்கின்றன. அந்த 248 நாட்களுக்கும் நாளொன்றுக்கு ஒன்றாக 248 வடமொழி வாக்கியங்களை முன்னோர் யாத்து வைத்தனர். ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் எண் உண்டு. வாக்கியத்தைச் சொல்லி அதன் எழுத்துக்களை எண்களாக மாற்றினால் அன்றைய சந்திரனின் இடம் கிடைத்துவிடும். பொருளுள்ள சொற்றொடர் போலக் காதில் விழுவது உண்மையில் ஓர் எண் அட்டவணையே. வாக்கிய பஞ்சாங்கம் என்ற பெயர் வந்ததும் இதனாலேயே.

இம்முறை எவ்வளவு தூரம் பயன்பட்டது என்பதற்குக் கடலுக்கு அப்பாலிருந்து ஒரு சாட்சியம் கிடைக்கின்றது. புதுச்சேரியிலே ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் 1825ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜோன் வாரன் என்பவர் தமது காலசங்கலிதம் என்ற நூலிற் குறித்து வைத்தார். அக்கணிதர் காகிதத்தையும் எழுதுகோலையும் தொடவில்லை. நிலத்திலே சோகிகளைப் பரப்பி, மனனஞ் செய்த சொற்களைச் சொல்லிச் சொல்லி, அவற்றை இடம் மாற்றி வைத்துக் கொண்டே போனார். கிரகணத்தின் தொடக்கத்தை அவர் கூறியதில் நான்கு நிமிட அளவே பிழை இருந்தது. நடுவில் இருபத்துமூன்று நிமிடமும் முடிவில் ஐம்பத்திரண்டு நிமிடமும் பிழைத்தன. அவருக்குத் தாம் செய்யும் கணக்கின் காரணம் தெரியாது என்பதையும் வாரன் குறித்தார். நினைவு இருந்தது, ஓசை இருந்தது, கைத்திறன் இருந்தது. ஏன் என்ற கேள்வி மாத்திரம் நெடுங்காலத்துக்கு முன்னரே வழியில் எங்கோ விடுபட்டுப் போயிற்று. பழைய கல்வியின் வலிமையும் மெலிவும் இந்த ஒரு காட்சியிலே அடங்கிக் கிடக்கின்றன.

வட்டுக்கோட்டைக்கு அடுத்த ஊர் அராலி. அங்கே வாழ்ந்த விசுவநாத சாஸ்திரியார் யாழ்ப்பாணம் முழுவதும் மதித்த பஞ்சாங்க கணிதர். 1829ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20ஆந் தேதி, பங்குனிப் பூரணையன்று, சந்திர கிரகணம் நிகழும் என்று அவருடைய பஞ்சாங்கம் கூறிற்று. பூவர் ஐயர் ஐரோப்பிய முறைப்படி தாமும் அதனைக் கணித்தார். கிரகணம் உண்டு என்பதில் இருவரும் உடன்பட்டனர். ஆயின் அது தொடங்கும் நேரம், நீடிக்கும் நேரம், சந்திரபிம்பத்தில் மறையும் பங்கு ஆகிய மூன்றிலும் கணக்குகள் வேறுபட்டன. தொடக்கத்தில் மட்டும் வித்தியாசம் கால் மணி அளவாயிருந்தது. செய்தி ஊரெங்கும் பரவிற்று. சாஸ்திரியார் பிழைப்பாரா, பாதிரியார் பிழைப்பாரா என்று பார்ப்பதற்கு மக்கள் ஆவலோடு காத்திருந்தனர். இது வெறும் நாழிகைக் கணக்கு அன்று. பஞ்சாங்கம் பிழைத்தால் அதன் பின்னே நின்ற சாத்திரமும் புராணமும் பிழைத்துவிடும் என்று பாதிரிமார் கருதினர். பஞ்சாங்கம் நின்றால் தம் முன்னோரின் கல்வி நின்றுவிடும் என்று சைவர் கருதினர். செமினறி மாணவர் இரு தரப்புக்கும் நடுவிலே இருந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் காலையிலே திருநீறணிந்த வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள்.

கிரகணம் பூவர் ஐயரின் கணக்கின்படியே நிகழ்ந்தது.

இதன் பின்விளைவுகளைப் பற்றிப் பாதிரிமாரின் அறிக்கைகள் பெருமிதத்தோடு பேசுகின்றன. அப்பெருமிதத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. சாஸ்திரியாரின் கணக்குப் பிழைத்தது கால் மணி நேரத்தாலே. கிரகணமே இல்லாத நாளில் அவர் கிரகணம் கூறவில்லை. பல நூற்றாண்டுகளாகத் திருத்தம் பெறாத ஓர் அட்டவணை அவ்வளவு நெருங்கி வந்தது வியக்கத்தக்கதே. மாணவர் அன்றிரவு கண்டதும் அதுவே போலும். மேருவும் ஏழு கடலும் பற்றிய புராண வருணனையை அவர்கள் பூகோள உருண்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். வருணனையைக் காவியமாகக் கொண்டு உருண்டையைக் கணக்காகக் கொண்டனர். வான சாத்திரம் கற்றதனாலே சமயத்தை விட்டவர் தொகை பாதிரிமார் எதிர்பார்த்த அளவிலே உயரவில்லை. பஞ்சாங்கமும் மறைந்துவிடவில்லை. வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் யாழ்ப்பாணத்து வீடுகளிலே இன்றும் ஒரே ஆணியிலே தொங்குகின்றன. தீபாவளிக்கும் சனிப்பெயர்ச்சிக்கும் இரண்டும் வேறு வேறு நாள் சொல்லும்போது குடும்பத்திலே வாக்குவாதம் எழுவதும் உண்டு.

பூவர் ஐயர் 1830களின் நடுப்பகுதியில் மதுரைக்குச் சென்றார். அவருக்குப் பின் அதிபராய் வந்த ஹொய்சிங்டன் ஐயர் வேறொரு வழியிற் சென்றவர். பூவர் ஐயர் தமிழரின் வான கணிதத்தோடு வழக்காடினார். ஹொய்சிங்டன் ஐயர் அதனைப் பாடமாக வைத்தார். சுதேச சோதிட கணிதத்தின் தமிழ் மூலத்தை ஆங்கில மொழிபெயர்ப்போடும் விரிந்த விளக்கங்களோடும் அவர் 1848இலே யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் அச்சகத்தில் அச்சிட்டார். கீழைத்தேய வான சாத்திரி என்னும் பொருள்படும் பெயரை அந்நூல் தாங்கியது. ஒரே கிரகணத்தை இரண்டு முறையிலும் கணித்து, எங்கே ஒத்தன, எங்கே விலகின, ஏன் விலகின என்று காண்பதற்கு இத்தகைய நூல் மாணவனுக்கு வழிகாட்டும். புதுச்சேரிக் கணிதருக்கு விடுபட்டுப் போயிருந்த அந்த ஏன் என்ற கேள்வி இங்கே மறுபடியும் வகுப்பறைக்குள் வந்து சேர்ந்தது. இலக்கியத்தையும் விஞ்ஞானத்தையும் இணைத்துக் கற்பித்தல் என்று பேசுவோர் பலர், இரண்டையும் ஒரு கால அட்டவணையிலே அடுத்தடுத்த மணிகளில் வைப்பதோடு நின்றுவிடுகின்றனர். ஹொய்சிங்டன் செய்ததோ ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சோதித்துப் பார்த்தல். ஒரு பண்டிதருக்குரிய மூலபாட உழைப்பும் ஒரு கணிதருக்குரிய அளவுத் துல்லியமும் இல்லாமல் அந்நூலை ஆக்கியிருக்க முடியாது. இதே மனிதர் பிற்காலத்திலே சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்திலே மொழிபெயர்த்து அமெரிக்காவின் கீழைத்தேயக் கழக வெளியீட்டிலே வரச் செய்தார் என்பதையும் நினைவுகூர வேண்டும்.

வகுப்பறையில் நாள்தோறும் நடந்தவை இவ்வளவு பரபரப்பானவை அல்ல. தமிழிலே திருக்குறளும் நன்னூலும் போன்ற நூல்கள். கணிதத்திலே யூக்கிளிட்டின் கேத்திர கணிதம், அட்சர கணிதம், திரிகோண கணிதம். இவற்றோடு பௌதிகம், இரசாயனம், வான சாத்திரம், தருக்கம், சரித்திரம். வடமொழி சிலருக்கு. வேதாகமம் எல்லாருக்கும். தொலைநோக்கியும் பூகோள உருண்டையும் வேறு கருவிகளும் இருந்தன, நூலகமும் இருந்தது. இலங்கைக் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த சேர் எமர்சன் தெனன்ற் இதனை நேரிற் பார்த்தவர். ஐரோப்பிய சர்வகலாசாலைகள் பலவற்றோடு ஒப்பிடத்தக்க கல்வி இங்கே கிடைக்கின்றது என்று அவர் 1850இல் வெளியிட்ட நூலிலே எழுதினார். ஒரு குறையையும் மறைக்காமற் கூற வேண்டும். இக்கல்வி ஆண்பிள்ளைகளுக்கே உரியதாயிருந்தது. பெண்பிள்ளைகளுக்கு 1824இலே உடுவிலிலே தொடங்கிய விடுதிப் பாடசாலை தனி. செமினறிக்கு வந்தவர்களும் பெரும்பாலும் வேளாளர் வீட்டுப் பிள்ளைகளே. வானத்தின் கதிகளைத் துணிவோடு ஆராய்ந்த அச்சாலை, தன் வாயிலுக்கு வெளியே நின்ற மக்களைக் குறித்து அத்துணை துணிவு கொள்ளவில்லை.

செமினறி தமிழுக்கு அளித்த பெருங்கொடை, எவரும் கிரகணத்தைப் போலக் கூடி நின்று பார்க்காத ஒன்று. அது உரைநடை. செய்யுள் மனனத்துக்கு உதவும்; காரண காரியத்தைப் படிப்படியாக நிறுவிக் காட்டுவதற்கு அது எளிதில் இடங்கொடாது. யூக்கிளிட்டின் ஒரு தேற்றத்தை விருத்தப்பாவில் விளக்க முயன்றால் சீருக்காகக் காரணம் நழுவும், அல்லது காரணத்துக்காகச் சீர் கெடும். ஆதலின் தமிழிலே விஞ்ஞானம் கற்பிக்க முற்பட்டவர்கள் தமிழிலே புதிய ஒரு நடையையும் ஆக்க வேண்டியவராயினர். 1841ஆம் ஆண்டு சனவரி மாதம் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகை தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியரான ஹென்றி மாட்டினும் சேத் பேசனும் செமினறியிற் பயின்ற தமிழர். சமயமும் ஊர்ச்செய்தியும் விஞ்ஞானமும் அதன் பத்திகளிலே கலந்து வந்தன. பிற்காலத்தில் அதன் ஆசிரியராயிருந்து, பாவலர் சரித்திர தீபகம் எழுதிய ஆணல்ட் சதாசிவம்பிள்ளையும் வட்டுக்கோட்டை மாணவரே. செமினறி ஆசிரியர் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1850இலே நியாய இலக்கணம் என்ற தருக்க நூலைத் தமிழில் வெளியிட்டார். கணிதம் கற்பித்த கறோல் விசுவநாதபிள்ளை பீசகணிதம் என்ற பெயரால் அட்சர கணிதத்தைத் தமிழில் எழுதினார். அது 1855இலே அச்சேறிற்று.

அந்த 1855ஆம் ஆண்டு வட்டுக்கோட்டைக்குத் துயரமான ஆண்டு. பெப்ரவரி மாதத்திலே பூவர் ஐயர் மானிப்பாயில் வாந்திபேதி நோயினால் இறந்தார். அவர் மதுரையிலிருந்து மீண்டும் யாழ்ப்பாணத்துக்கே வந்திருந்தவர். அதே ஆண்டிலே செமினறியும் மூடப்பட்டது. அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளர் றூபஸ் அன்டர்சன் இந்தியாவிலும் இலங்கையிலும் சுற்றுப்பயணஞ் செய்து நிலைமைகளைப் பார்வையிட்டார். செமினறியிலே ஆங்கிலம் ஓங்கிவிட்டது, மாணவர் ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்டு அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுகின்றனர், திருச்சபைக்குக் கிடைப்போர் சிலரே, மிஷன் கல்வி தாய்மொழியிலேயே நடைபெற வேண்டும் என்பது அவர் கருத்து.

அவர் கூறியதிலே உண்மை இல்லாமலில்லை. செமினறியிற் பயின்ற அறுநூறுக்கு மேற்பட்டோரிலே பலர் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் கச்சேரிகளையும் நீதிமன்றங்களையும் நாடிச் சென்றனர் என்பது மறுக்க முடியாதது. ஆயினும் யாழ்ப்பாணத்திலே தாய்மொழிக் கல்வியை எந்த நிலையம் மிக உயர்ந்த நிலைக்குக் கொண்டுவந்திருந்ததோ, எங்கே தமிழில் தருக்கமும் கணிதமும் நூலாகி வந்துகொண்டிருந்தனவோ, அந்த நிலையத்தையே தாய்மொழியின் பெயரால் மூடியது ஈழத்துக் கல்வி வரலாற்றிலே பெரிய முரண்பாடு. அன்டர்சன் ஆங்கிலத்தை அளந்து பார்த்தார். அதன் அருகே வளர்ந்த தமிழை அளந்து பார்த்தாரல்லர். திருச்சபைக்கு எத்தனை பேர் என்ற ஒரே கோலால் ஒரு கல்விச்சாலையை அளப்பவர் வேறு முடிவுக்கு வந்திருக்கவும் முடியாது.

மூடிய சாலையின் பெறுமதியை அயலார் விரைவிலே கண்டனர். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இலே நிறுவப்பட்டது. அதன் முதற் கலைமாணிப் பட்டதாரிகளாய் வெளிவந்த இருவரும் வட்டுக்கோட்டையிலே கற்றவர்கள். ஒருவர் முன்கூறிய கறோல் விசுவநாதபிள்ளை. மற்றவர் அவருடைய மாணவராய் இருந்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. குருவும் சீடரும் ஒரே பட்டத்தை ஒன்றாகப் பெற்றனர்.

தாமோதரம்பிள்ளையைத் தமிழுலகம் பதிப்பாசிரியராகவே அறியும். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தை 1868இலும் வீரசோழியத்தை 1881இலும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் அவர் அச்சேற்றினார். செல்லரித்த ஏடுகளைத் தேடித் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாடபேதங்களை ஆராய்ந்து, தாம் கண்டதையும் காணாததையும் பதிப்புரையிலே வெளிப்படையாகச் சொல்லும் முறை அவருடையது. இம்முறை எங்கிருந்து வந்தது? ஆறுமுகநாவலரின் பதிப்புக்கள் அவருக்கு முன்மாதிரியாய் இருந்தன என்பது தெளிவு. ஆனால் சாட்சியங்களை வரிசைப்படுத்தி, கருதுகோளை அமைத்து, அதனைச் சோதிக்கும் பழக்கத்தில் வட்டுக்கோட்டைக் கேத்திர கணிதத்தின் சாயலும் உண்டு எனலாம். வீரசோழியப் பதிப்புரையிலே தமிழிலக்கிய வரலாற்றை எட்டுக் காலங்களாக அவர் வகுத்தார். அவர் கொண்ட ஆண்டுக் கணக்குகளை இன்றைய ஆராய்ச்சியாளர் ஏற்பதில்லை. இலக்கியத்துக்கு வகுத்தும் தொகுத்தும் காலமுறை காட்ட வேண்டும் என்று எண்ணிய அந்தத் துணிவைப் போற்றாதார் இல்லை.

அன்டர்சனின் தாய்மொழிக் கொள்கையை அதன் முழுப்பொருளிலே எடுத்துக்கொண்டு, அவரே எண்ணிப் பாராத இடத்துக்குக் கொண்டு சென்றவர் ஒருவர் அதே மிஷனில் இருந்தார். அவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இலே தமது இருபத்தைந்தாவது வயதில் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே வைத்தியசாலை நடத்தி, ஊர் இளைஞருக்கு மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். தொடக்கத்திற் கற்பித்த மொழி ஆங்கிலமே. ஆங்கிலத்திற் கற்றவர்கள் பட்டினங்களையும் சம்பளத்தையும் தேடிப் போயினர். கிராமத்து நோயாளி பழையபடியே இருந்தான். இதனைக் கண்ட கிறீன் 1864இலே தமிழ் வழி வைத்திய வகுப்பைத் தொடக்கினார். தம் மாணவர் உடையிலும் நடையிலும் தமிழராகவே இருக்க வேண்டும் என்றும் அவர் விரும்பினார்.

வகுப்பு நடத்த நூல் வேண்டும். நூல் எழுதச் சொல் வேண்டும். கிறீன் தமக்கென ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டார். முதலிலே தமிழில் உள்ள சொல்லைத் தேடுக. இல்லையேல் வடமொழியை நாடுக. அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு ஏற்ப எழுதுக. தமிழ் வைத்தியருடைய வாகடங்களிலும் ஊரார் பேச்சிலும் உள்ள உறுப்புப் பெயர்களையும் நோய்ப் பெயர்களையும் திரட்டிக் கொள்ளாமல் இவ்வேலையைச் செய்ய இயலாது. இங்கே மொழிபெயர்ப்பாளனுக்கு இலக்கியக் கல்வி அணிகலமன்று, கத்தியும் ஊசியும் போன்ற கருவி. உடற்கூற்றியலுக்கு அவருடைய நூல்கள் கொண்ட பெயர் அங்காதிபாதம். கேசாதிபாதம், பாதாதிகேசம் என்னும் பிரபந்த வகைகள் தெய்வத்தின் திருவுருவை உறுப்பு உறுப்பாக வருணிப்பவை; அவற்றின் ஓசை இப்பெயரிலே தமிழ்க் காதுக்குக் கேட்கின்றது. உடற்றொழிலியல் சுகரணம் ஆயிற்று. சுகாதாரம் உற்பாலனம் ஆயிற்று. இரசாயனத்துக்கு மாத்திரம் ஆங்கிலச் சொல்லையே திரித்துக் கெமிஸ்தம் என்றார்.

1857இலே கட்டர் என்பவரின் நூலைத் தழுவிய அங்காதிபாதமும் பிரசவ வைத்தியமும் வெளிவந்தன. 1867இலே இரண வைத்தியம் வந்தது. சத்திர சிகிச்சைக்கு அவர் கொண்ட பெயர் அது. இரணம் என்ற சொல்லை ஊரிலே காயத்துக்கு வழங்கும் எவரும் அந்நூல் எதைப் பற்றியது என்று கேட்க வேண்டியதில்லை. உற்பாலனமும் சுகரணமும் நிலைக்கவில்லை. பின்வந்தோர் ஆக்கிய புதிய கலைச்சொற்கள் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அதனைத் தோல்வி என்று கொள்வதற்கில்லை. ஒரு தலைமுறை மாணவருக்கு அச்சொற்கள் நோயாளியின் கட்டிலருகே பயன்பட்டன. அவை ஆக்கப்பட்டதும் அதற்காகவே. கிறீனிடம் இரு மொழிகளிலுமாக வைத்தியம் கற்றோர் அறுபதுக்கு மேற்பட்டோர். தமிழிற் கற்றவர்கள் தம் கிராமங்களிலேயே தங்கித் தொழில் செய்யும் வாய்ப்பு மிகுதி என்று அவர் நம்பினார்.

1872ஆம் ஆண்டிலே இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. கிறேயின் பெருநூலைத் தழுவிய மனுஷ அங்காதிபாதம் தமிழிலே வெளிவந்தது. அதே ஆண்டிலே, செமினறி மூடப்பட்டதை மறவாத பழைய மாணவரின் முயற்சியால், வட்டுக்கோட்டையின் அதே வளவிலே யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் கல்வி மொழி ஆங்கிலம். பெற்றோரும் மாணவரும் அதனையே வேண்டினர்; உத்தியோகம் அங்கேதான் இருந்தது. மானிப்பாயிலிருந்து வட்டுக்கோட்டை சில மைல் தூரமே. ஒரு வீதியின் இரு முனைகளிலே ஒரே மிஷன் இரண்டு விதமான விடைகளை ஒரே ஆண்டில் அளித்தது.

அடுத்த ஆண்டிலே கிறீன் உடல்நலம் குன்றி அமெரிக்கா சென்றார். மீண்டும் வரவில்லை. ஆயினும் மாசசூசெற்ஸிலே உஸ்ரர் நகரத்துத் தம் வீட்டிலிருந்துகொண்டே தமிழ் வைத்திய நூல்களைத் திருத்தி அனுப்பும் பணியை அவர் விடவில்லை. கெமிஸ்தம் 1875இலே வெளியாயிற்று. மனுஷ சுகரணம் வெளியான ஆண்டு 1883. அதற்கு அடுத்த ஆண்டிலே அவர் இறந்தார். தமிழருக்கு வைத்திய ஊழியஞ் செய்தவர் என்பதைத் தம் கல்லறைக் கல்லிலே பொறிக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். உஸ்ரரிலுள்ள அக்கல்லிலே அவ்வாறே பொறிக்கப்பட்டது.